பிரிக்காத உறைகள்: 96 பழைய தையல் பேட்டர்ன்களைக் கைமாற்றிய பதிவு

கடந்த செப்டம்பர் மாத இறுதியில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த அம்மையார், தம் 88ஆவது வயதில் வீட்டை விற்றுவிட்டு மகள் வசிக்கும் ஊருக்குச் செல்ல முடிவு செய்தார். சாமான்களை ஒழிக்க உதவப் போன என்னிடம், மாடி அறையிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகளை இறக்கித் தரச் சொன்னார். மூன்றிலும் நூல் கட்டி அடுக்கிய தாள் உறைகள் இருந்தன. பட்டரிக், சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், வோக், ஸ்டைல் என்று நிறுவனப் பெயர் அச்சிட்ட தையல் பேட்டர்ன்கள், அதாவது துணியில் வைத்து வெட்டுவதற்கான தாள் வடிவங்கள். நான் தைப்பவள் என்பது அவருக்குத் தெரியும். இவற்றைக் குப்பையில் போட மனம் வரவில்லை என்றும், தைக்கிறவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றும், பணம் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிப் பெட்டிகளை என்னிடம் ஒப்படைத்தார். அந்த ஒரு வாக்கியத்தை நிறைவேற்ற எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அந்த வேலை எப்படி நடந்தது என்பதையும், எந்த இடங்களில் தவறினேன் என்பதையும் இதே போன்ற பெட்டி ஒன்று கைக்கு வரக்கூடியவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

நம் ஊரில் தையல் கற்றவர்களுக்குக் கடையில் விற்கும் பேட்டர்ன் பழக்கமானதன்று. மதுரையில் என் அம்மா தையலில் லோயர் கிரேடு தேர்வு எழுதியவர். உடலளவை எடுத்து, பழுப்புத் தாளில் வரைந்து, வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியில் கத்தரி வைப்பார். கடைத்தெருத் தையல்காரர்களோ தாள்கூட இல்லாமல் துணியின் மேலேயே சாக்குக் கட்டியால் வரைந்துவிடுவார்கள். அளவு ஆளிடமிருந்து வரும், வடிவம் தைப்பவர் மனத்திலிருந்து வரும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டில் தைத்த பெண்களுக்கு வடிவமும் அளவும் சேர்ந்து ஓர் உறைக்குள் கிடைத்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற ஊரைச் சேர்ந்த தையற்காரர் எபனேசர் பட்டரிக், ஒரே உடையைப் பல அளவுகளில் தாளில் வெட்டி 1863இல் விற்கத் தொடங்கினார். வோக் இதழ் 1899இலும், சிம்ப்ளிசிட்டி நிறுவனம் 1927இலும் இந்தத் தொழிலுக்குள் வந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பல இலட்சம் வீடுகளில் சட்டைகள் தைக்கப்பட்டது இந்த மெல்லிய டிஷ்யூ தாள்களை வைத்துத்தான்.

பெட்டிகளில் மொத்தம் 187 உறைகள் இருந்தன. அவற்றுள் 63 ஏற்கெனவே வெட்டப்பட்டு, ஆனால் எல்லாத் துண்டுகளோடும் இருந்தன. 19 உறைகளில் துண்டுகள் குறைந்தன. 9 உறைகளில் செய்முறைத் தாள் இல்லை. மீதி 96 உறைகள் ஆலையில் மடித்த மடிப்பு கலையாமல், ஒருமுறைகூடப் பயன்படாமல் இருந்தன. இத்தனை பயன்படாமல் போனது ஏன் என்று அம்மையாரிடம் கேட்டேன். அவர் லெஸ்டரின் பின்னலாடை ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். நம் திருப்பூரைப் போல இந்த ஊரும் ஒரு காலத்தில் பின்னலாடையால் வாழ்ந்த ஊர். ஆலைக்கு அருகில் இருந்த தையல் சாமான் கடையை மூடியபோது மிச்சச் சரக்கைக் கட்டாக விற்றார்களாம். அதில் ஒரு கட்டை அவர் வாங்கியிருக்கிறார். மிகப் பழைய உறைகள் மட்டும் தையல் வேலை செய்து வந்த அவருடைய தாயாருடையவை.

கடையில் மிஞ்சிய சரக்கு என்பது முக்கியமான செய்தி. விற்காமல் மிஞ்சியவை பெரும்பாலும் யாருக்கும் பொருந்தாத அளவுகளே. 96இல் 41 உறைகள் மார்பளவு 32 அங்குலம் அல்லது அதற்கும் குறைவு. கைமாற்றும் வேலையில் பாதிச் சிக்கல் இதிலிருந்துதான் வந்தது.

முதல் வேலையாகப் பெட்டிகளைக் கூடத்தில் பிரித்துப் பரப்பிவிடாமல் கொட்டகையில் வைத்தேன். இரண்டு பெட்டிகள் நன்றாக இருந்தன. மூன்றாவதன் அடியில் தாள் தூளும், உறை ஓரங்களில் அரித்த தடமும் தெரிந்தன. இராமபாணப் பூச்சி தாளையும் பசையையும் விரும்பித் தின்னும். பழைய உறைகளின் ஒட்டுப் பசை அதற்கு விருந்து. அந்தப் பெட்டியின் உறைகளைப் பத்துப் பத்தாக ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, வீட்டு உறைகுளிர்ப் பெட்டியில் பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் முழுவதும் மூடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த தாளின் மேல் ஈரம் படிந்து, பூச்சியிடமிருந்து தப்பிய தாள் பூசணத்துக்குப் பலியாகும். புகையிலை நாற்றம் அடித்த சில உறைகளைப் பெரிய மூடியுள்ள பெட்டியில் நிறுத்தி வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவைத் தாளில் படாதபடி வைத்துப் பதினைந்து நாள் விட்டேன். நாற்றம் முழுதும் போகவில்லை. மற்ற உறைகளோடு சேர்த்து வைக்கும் அளவுக்குத் தணிந்தது.

அடுத்தது காலம் கணிப்பது. இதை ஆர்வத்துக்காக மட்டும் செய்யவில்லை. எந்த ஆண்டு என்று தெரிந்தால்தான் அளவு எண்ணின் பொருள் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆண்டு அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் செய்முறைத் தாளின் மூலையிலோ உறையின் பின்புறத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். அச்சிடாத உறைகளுக்கு விலையே கடிகாரம். பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15 அன்று நாணய முறை மாறியது. எனவே ஷில்லிங்கும் பென்ஸும் சாய்கோட்டால் பிரித்து எழுதிய விலை இருந்தால் அந்த நாளுக்கு முந்தையது. புதிய பென்ஸில் மட்டும் விலை இருந்தால் பிந்தையது. இரண்டும் சேர்ந்திருந்தால் அந்த மாற்றத்தை ஒட்டியது. அமெரிக்க முகவரியில் ஜிப் என்ற ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1963 அல்லது அதற்குப் பிந்தையது. இப்படிப் பிரித்ததில் 1930, 1940களைச் சேர்ந்தவை 11, 1950களின் உறைகள் 22, 1960கள் 34, 1970கள் 21, 1980கள் 8 என்று அமைந்தது.

அளவு எண்ணைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒரு தவறின் மூலம். அக்டோபர் மாதத்தில், எங்கள் வட்டார நூலகத்தின் பின்னறையில் வியாழன் மாலைகளில் கூடும் தையல் குழுவில் ஒரு தோழிக்கு 1963ஆம் ஆண்டின் சட்டைப் பேட்டர்ன் ஒன்றைக் கொடுத்தேன். உறையில் அளவு 16 என்றிருந்தது. தாம் பேட்டர்னில் 16தான் தைப்பதாக அவரும் சொன்னார். மூன்று வாரம் கழித்து, மலிவான காடாத் துணியில் தைத்துப் பார்த்த மேற்பகுதியை அவர் கொண்டுவந்தபோது, முதுகில் பொத்தான் விளிம்புகள் இரண்டு அங்குலம் இடைவெளியோடு நின்றன. காரணம் பிறகுதான் புரிந்தது. 1967, 1968 வாக்கில் பெரிய பேட்டர்ன் நிறுவனங்கள் தங்கள் அளவு எண்களை மாற்றியமைத்தன. அதற்கு முன் 12 என்றால் மார்பளவு 32 அங்குலம், 14 என்றால் 34, 16 என்றால் 36. மாற்றத்துக்குப் பின் 12 என்றாலே 34. 14 என்றால் 36. 16 என்றால் 38. கடையில் விற்கும் ஆயத்த ஆடையின் எண்ணோ இரண்டோடும் ஒட்டாது, கடைக்குக் கடை மாறவும் செய்யும். தோழியின் நேரமும் துணியும் வீணானது என் கவனக்குறைவால்தான். அன்றிலிருந்து எண்ணைச் சொல்லி எந்தப் பேட்டர்னையும் நான் கொடுக்கவில்லை. உறையின் பின்புற அட்டவணையில் உள்ள மார்பளவு, இடுப்பளவு, இடைக்குக் கீழ் உள்ள சுற்றளவு ஆகிய மூன்றையும் என் குறிப்பேட்டில் எழுதி, கேட்பவர் தம் உடலளவை அங்குலத்தில் சொன்ன பிறகே உறையை எடுத்தேன். நம் தையல்காரர்கள் எண்ணை நம்பாமல் நாடாவை நம்புவதன் நியாயம் அப்போது எனக்கு மறுபடி விளங்கியது.

இனி, அதிகமாக யோசிக்க வைத்த கேள்விக்கு வருகிறேன். ஆலை மடிப்புக் கலையாத ஓர் உறையைப் பிரித்து எண்ணலாமா, கூடாதா? சேகரிப்பாளர்களுக்குக் கலையாத மடிப்பே மதிப்பு. பிரித்துவிட்டால் விலை குறையும். மற்றொரு பக்கம், தைக்கப் போகிறவருக்கு வேண்டியது உறுதி. நான்கு கெஜம் துணி வாங்கி விரித்த பிறகு கையின் மடிப்புப் பட்டித் துண்டு இல்லை என்று தெரிவதைவிட மோசமான ஒரு மாலைப்பொழுது வீட்டில் தைப்பவர்க்கு இல்லை. இவை தைப்பதற்கென்று செய்யப்பட்டவை, அம்மையார் சொன்னதும் தைக்கிறவர்கள் கைக்கு என்றுதான். ஆகவே எண்ணுவது என்று முடிவு செய்தேன். இதில் எனக்கு இன்றும் இரண்டாவது எண்ணம் இல்லை.

எண்ணும் முறை காலத்துக்கேற்ப மாறும். 1950களுக்குப் பிந்தைய பெரும்பாலான உறைகளில் பெரிய டிஷ்யூ தாள்களில் பல துண்டுகள் சேர்த்து அச்சிடப்பட்டிருக்கும். பயன்படாதவை என்றால் அந்தத் தாள்கள் முழுதாகவே இருக்கும். அங்கே தாள்களை எண்ணி, ஒவ்வொன்றின் மூலையை மட்டும் விலக்கி, துண்டு எண்களைச் செய்முறைத் தாளின் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் போதும். மூங்கிலில் இழைத்த தட்டையான மடிப்புக் குச்சி ஒன்றை வைத்து மடிப்புகளுக்கு இடையே மெதுவாக நுழைத்துப் பார்த்தேன். விரல் நகத்தைவிட அது தாளுக்கு இதமானது. முழுவதும் விரிக்கவில்லை, மடிப்புக் கோடுகளை மாற்றவும் இல்லை.

1930, 1940களின் பதினோரு உறைகள் வேறு வகை. அவற்றில் அச்சே கிடையாது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக முன்பே வெட்டப்பட்ட வெற்று டிஷ்யூ தாள். எழுத்துக்குப் பதிலாகத் துளைகள். துண்டின் அடையாள எழுத்துகூடத் துளைகளால்தான் குத்தப்பட்டிருக்கும். பெரிய துளை, சிறிய துளை, ஓரத்தில் வெட்டிய சிறு வெட்டு ஆகியவற்றைக் கொண்டு எங்கே துணியின் மடிப்பில் வைப்பது, எது நூல் நேர் (துணியின் நெடுக்கு இழை ஓடும் திசை), உடலோடு பொருந்த மடித்துத் தைக்கும் டார்ட்டை எங்கே பிடிப்பது என்று படித்துக்கொள்ள வேண்டும். எந்தத் துளைக்கு என்ன பொருள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மெக்கால்ஸ் நிறுவனம் 1920களின் தொடக்கத்திலேயே கோடுகளை அச்சிடத் தொடங்கிவிட்டது. மற்ற சில நிறுவனங்களின் துளைத் தாள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் வந்துகொண்டிருந்தன. இந்த வகையில் செய்முறைத் தாள் தொலைந்தால், தாள் கட்டு ஏறக்குறைய வாசிக்க முடியாத மொழியாகிவிடும். தையலுக்கு விடும் அளவும் இவற்றில் எப்போதும் இப்போது வழக்கமான எட்டில் ஐந்து பங்கு அங்குலம் அன்று. சில இடங்களில் அரை அங்குலம், சில இடங்களில் அதற்கும் குறைவு. செய்முறைத் தாளைப் படிக்காமல் இன்றைய பழக்கத்தில் தைத்தால் இடுப்பில் ஓர் அங்குலம் காணாமல் போகும்.

இந்தப் பதினொன்றைத் திறந்தபோது, நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பயன்படாதவை என்று நான் நினைத்த மூன்று உறைகளில் துண்டுகள் குறைந்தன. குண்டூசி குத்திய தடமே இல்லாத, மடிப்புக் கலையாத கட்டில் ஒரு காலர் இல்லை. இன்னொன்றில் பாக்கெட் இல்லை. மூன்றாவதில் ஒரு மடிப்புப் பட்டி இல்லை. யாரோ அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்து வேறு சட்டைக்குப் பயன்படுத்தியிருக்கலாம், ஆலையிலேயே விடுபட்டிருக்கலாம். எப்படியானாலும், பயன்படாதது என்ற சொல்லுக்கு முழுமையானது என்ற பொருள் இல்லை.

இதே கட்டில் 1940களின் உறைகளைக் கையில் எடுக்கும்போது எனக்கு மனம் சற்றுக் கனத்தது. பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் 1949 மார்ச் வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. முதல் ஆண்டில் ஓர் ஆளுக்கு 66 கூப்பன்கள். ஆயத்த ஆடைக்கு மட்டுமன்றி, கெஜக்கணக்கில் வாங்கும் துணிக்கும் கூப்பன் தர வேண்டும். அந்தக் காலத்து உறைகளின் பாவாடைகள் ஒடுக்கமாக, பட்டிகள் குறுகலாக, தோள் மட்டும் நிமிர்ந்து இருப்பதைப் பார்த்தால் ஒவ்வொரு அங்குலமும் எண்ணப்பட்டது தெரிகிறது. அம்மையாரின் தாயார் வாங்கி வைத்தும் தைக்காமல் போனதற்குக் கூப்பன் தீர்ந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

காலர் இல்லாத உறை ஒரு சிறுமியின் சட்டை, மார்பளவு 26 அங்குலம். படத்தில் வட்ட ஓரம் கொண்ட தட்டையான காலர். நம் ஊர்ப் பள்ளிச் சீருடையில் பார்த்துப் பழகிய பீட்டர் பேன் காலர்தான் அது. அம்மாவிடம் நான் முதலில் வரையக் கற்றதும் அதையே. மூலத் துண்டுகளை இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு இடையே வைத்து, மேலே வேறு தாளைப் போட்டு முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பிரதி எடுத்தேன். பிரதியில் தையலுக்கு விட்ட அளவைக் கழித்துத் தையல் கோட்டை வரைந்தேன். முன், பின் துண்டுகளைத் தோள்கோட்டில் சேர்த்து வைக்கும்போது கழுத்துப் பக்க முனைகள் ஒன்றையொன்று தொட, கைப் பக்க முனைகள் மட்டும் அரை அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அந்த ஏற்றம் இல்லாவிட்டால் காலர் கழுத்தோடு படியாமல் ஓரத்தில் விசிறும், தையல் கோடும் வெளியே தெரியும். பிறகு கழுத்து வளைவை அப்படியே தொடர்ந்து வரைந்து, இரண்டே கால் அங்குல அகலம் வைத்து, முன்புற ஓரத்தைப் படத்தைப் பார்த்து வட்டமாக்கி, சுற்றிலும் தையலுக்கு அரை அங்குலம் சேர்த்தேன். காடாத் துணியில் தைத்துப் பார்த்ததில் முதல் முறை பின்கழுத்தில் கால் அங்குலம் நீண்டது. குறைத்து மறுபடி வரைந்தேன். அந்தத் துண்டை வெளிர்நீலத் தாளில் வெட்டி, இது மூலத் துண்டு அன்று, இந்த மாதத்தில் நான் வரைந்தது என்று பென்சிலில் எழுதி உறைக்குள் வைத்தேன். மூலத்தோடு கலந்துவிடாத நிறத்தில் இருப்பது பின்னால் அதை எடுப்பவருக்கு நாம் செய்யும் மரியாதை. மற்ற இரண்டு உறைகளில் விடுபட்டவை பாக்கெட்டும் பட்டியும் என்பதால் வரையவில்லை. இன்னது இல்லை என்று உறை மேல் சீட்டு மட்டும் வைத்தேன்.

கிழிந்த உறைகளைச் சீராக்குவதில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றுதான்: ஒட்டும் பிளாஸ்டிக் நாடாவைத் தொடாதீர்கள். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி, பசை கசிந்து, பக்கத்து உறையையும் பிடித்துக்கொள்ளும். யாரோ 1970களில் ஒட்டிய நாடா உதிர்ந்து, அதன் பழுப்புத் தடம் மட்டும் நிலைத்திருந்த உறைகள் இந்தப் பெட்டியிலேயே எட்டு இருந்தன. மைதாப் பசை காய்ச்சும் நம் வீட்டுப் பழக்கமும் இங்கே ஆகாது. பூச்சியை மறுபடி அழைத்தது போலாகும். மெத்தில் செல்லுலோஸ் தூளைத் தண்ணீரில் கரைத்த பசையும், கோசோ என்ற மல்பெரி வகை மரத்தின் நாரில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாளும் வாங்கினேன். கிழிசலின் உட்புறத்தில் அந்தத் தாளைக் கையால் கிழித்து வைத்து ஒட்டி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் போட்டு, புத்தகங்களின் கனத்தில் ஓர் இரவு வைத்தேன். கத்தரியால் வெட்டினால் ஓரம் தடித்துத் தெரியும். கையால் கிழித்தால் நார்கள் பரவி மறைந்துவிடும். உள்ளே இருக்கும் டிஷ்யூ தாளை நான் தொடவில்லை. மடிப்பில் சுருங்கிய தாளை எப்படி நேராக்குவது என்று கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன்: இஸ்திரிப்பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, நீராவி இல்லாமல், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேய்க்க வேண்டும், மடிப்பில் தாள் பழுத்து முறுகியிருந்தால் தேய்க்கவே கூடாது.

நவம்பரில் முறையாகக் கொடுக்கத் தொடங்கினேன். நான்கு நிபந்தனைகள் வைத்தேன். உடலளவைச் சொல்ல வேண்டும். ஒரு முறைக்கு மூன்று உறைக்கு மேல் கிடையாது. மூலத் தாளை வெட்டாமல் வேறு தாளில் பிரதி எடுத்துத்தான் தைக்க வேண்டும். தைத்து முடித்து, இனி வேண்டாம் என்றால் மூலத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பிரதி எடுக்க விலை உயர்ந்த தாள் தேவையில்லை. மருத்துவமனைகளில் படுக்கைமேல் விரிக்கும் சுருள் தாள் மலிவு, ஒளியும் ஊடுருவும். 1960கள் வரை ஓர் உறைக்கு ஓர் அளவுதான் இருந்தது. ஆகையால் ஒரு முறை வெட்டித் திருத்திவிட்ட மூலத் தாள் அடுத்தவருக்குப் பயன்படாது. மூன்றாவது நிபந்தனையில் நான் விட்டுக்கொடுக்காததற்கு இதுவே காரணம்.

மார்பளவு 32 அங்குலத்துக்குள் இருந்த 41 உறைகளை எடுக்க ஆள் வருவது மெதுவாகத்தான் நடந்தது. படம் பிடித்திருக்கிறது, அளவு இல்லை என்று பலர் திருப்பி வைத்தார்கள். அவர்களுக்காக ஒரு சீட்டு எழுதினேன். இரண்டு அங்குலம் கூட்ட வேண்டுமானால், முன் பாதி, பின் பாதி ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம் சேர்த்தால் போதும். ஆனால் அதைப் பக்கத் தையலில் மட்டும் சேர்த்தால் கைக்குழி அகன்று தோள் அப்படியே குறுகி நிற்கும். தோளின் நடுவிலிருந்து இடைவரை நேராக ஒரு கோடு வெட்டி, அங்கே கால் அங்குலம் விலக்கி, மீதிக் கால் அங்குலத்தைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் என்றால் இந்த முறையை நான் பரிந்துரைக்கவில்லை. இந்தச் சீட்டு கிடைத்த பிறகு 41இல் 22 உறைகள் போயின.

துணி அகலமும் ஒரு தடையாகப் பலருக்குத் தோன்றியது. பழைய உறைகளில் 35 அல்லது 36 அங்குல அகலத்துக்கும், கம்பளித் துணிக்கு 54 அங்குலத்துக்கும் கெஜம் கணக்கிட்டிருக்கும். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 44 முதல் 60 வரை. எங்கள் குழுவில் உள்ள இளம் தமிழ்ப்பெண் ஒருவர், 1950களின் அகன்ற பாவாடை வைத்த சட்டை ஒன்றுக்கு, தம் பாட்டி கட்டிய மதுரைச் சுங்குடிச் சேலையை எடுத்துக்கொண்டார். ஐந்தரை மீட்டர் நீளமும் ஏறக்குறைய 45 அங்குல அகலமும் அந்தப் பாவாடைக்குத் தாராளமாகப் போதுமானவை. கரையைப் பாவாடையின் கீழ் ஓரத்தில் வைப்பதற்காகத் துண்டுகளை நூல் நேருக்குக் குறுக்காகப் போட்டார். வளைந்த ஓரமுள்ள பாவாடையாக இருந்தால் அது முடியாது. இது நேர்த் துண்டுகளைச் சுருக்கி வைத்த வகை என்பதால் அழகாக அமைந்தது. பொங்கலன்று அவர் அதை உடுத்தி வந்தபோது, எழுபது ஆண்டுகளாக ஓர் உறைக்குள் படமாக இருந்தது கண்முன் நடந்து வருவதைப் பார்த்தேன். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

அஞ்சலில் அனுப்புவது எளிதாக இருந்தது. பிரிட்டிஷ் அஞ்சலில் பெரிய கடிதம் என்ற வகைக்கு 35.3 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், இரண்டரை சென்டிமீட்டர் தடிமன், 750 கிராம் எடை என்பது வரம்பு. இரண்டு உறைகள் அடங்கிய கட்டு அதற்குள் எளிதில் அடங்கும். உறையை முதலில் நீர் புகாத பையிலும், பிறகு இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவிலும் வைத்தேன். இரப்பர் வளையம் போடவில்லை. அது உறையின் ஓரத்தை வெட்டும். ஒவ்வொரு உறையோடும் என் கையெழுத்தில் ஒரு சீட்டு: கணித்த ஆண்டு, உறையில் அச்சிட்ட மூன்று அளவுகள், துண்டுகள் எத்தனைக்கு எத்தனை, செய்முறைத் தாள் உண்டா, என்ன பழுது பார்த்தேன், எண்ணிய தேதி. வோக் நிறுவனம் 1949இல் தொடங்கிய பாரிஸ் வடிவமைப்பாளர் வரிசையைச் சேர்ந்த உறைகளில் சட்டைக்குள் தைத்துக்கொள்ள நெய்த பெயர்ச்சீட்டு ஒன்றும் வைத்திருந்தார்கள். அது உள்ளே இருக்கிறதா என்பதையும் எழுதினேன். என்னிடம் இருந்த இரண்டில் ஒன்றில் இருந்தது.

இதுவரை 38 உறைகள் வியாழன் குழுவுக்கும், 29 அஞ்சல் வழியாக வெளியூர்த் தோழிகளுக்கும், 12 நாடக உடை தைக்கக் கற்கும் கல்லூரி மாணவர்களுக்கும் போயின. மாணவர்கள் 1970களின் அகன்ற காலர்ச் சட்டைகளை விரும்பி எடுத்தார்கள். ஜனவரி மாதம் மதுரை போனபோது நான்கு குழந்தைச் சட்டைப் பேட்டர்ன்களைத் தையல் வகுப்பு நடத்தும் என் அக்காவுக்குக் கொண்டுபோனேன். அங்கே அவற்றை வைத்து யாரும் நேரடியாகத் தைக்கப் போவதில்லை. ஆனால் தங்கள் வரைபடத்தை அச்சிட்ட துண்டின் மேல் வைத்து, கைக்குழி வளைவு எங்கே மாறுகிறது என்று மாணவிகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அக்காவின் குழந்தைச் சட்டை வரைவில் முன் கைக்குழி இன்னும் ஆழமாக இருப்பதைக் காட்டி, நம் பிள்ளைகளுக்கு அதுதான் சரி என்று ஒரு மாணவி வாதாடியதை நான் இரசித்தேன். வெட்டப்பட்டவையும் குறைபட்டவையுமான மற்ற 91 உறைகளின் பெரும்பகுதியைக் குழுவின் பொது அலமாரியில் வைத்திருக்கிறோம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

பயன்படாதவற்றில் 13 இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஐந்து, துளைத் தாள் வகை; அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் கேட்கும்வரை கொடுப்பதாக இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் வணிகப் பேட்டர்ன்களுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அவர்களிடம் இல்லாத எண் ஏதேனும் இந்த ஐந்தில் இருந்தால் அங்கே அனுப்ப எண்ணி, விவரங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு உறைகள் மார்பளவு 30, 31 அங்குலத்தவை; அவை பொறுத்திருக்கட்டும்.

பதின்மூன்றாவது, 1950களின் வோக் கோட். படத்தில் பச்சை நிறம், மார்பளவு 34 அங்குலம், பெரிய மடிப்புக் காலர். இதற்குத் துணியும் வாங்கிவிட்டதாகவும், வெட்டத்தான் துணிவு வரவில்லை என்றும் அம்மையார் சொல்லியிருந்தார். சென்ற ஞாயிறு தொலைபேசியில் பேசியபோது அந்தப் பச்சைக் கோட் யாருக்குப் போகிறது என்று கேட்டார். ஷெஃபீல்டில் இருக்கும் இருபத்து மூன்று வயதுப் பெண், இதுவரை இரண்டு கோட்டுகள் தைத்திருக்கிறார் என்று குறிப்பேட்டைப் பார்த்துப் படித்தேன். காலருக்குள் ஒட்டும் கேன்வாஸை இஸ்திரியால் ஒட்டிவிடாமல், விலங்கு மயிர் கலந்து நெய்த கேன்வாஸை வைத்துக் கையால் சாய்தையல் போட வேண்டும், அப்போதுதான் அந்தக் காலர் கழுத்தில் உருண்டு நிற்கும், இது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். எழுதி வை என்றார். அவர் சொல்லச் சொல்லச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். உறை திங்கட்கிழமை அஞ்சலில் போகிறது.